மா டின்னுக்குப் பின்னால் வைத்த போன்

கொக்கட்டிச்சோலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்ன போன் திருத்தும் கடை இருக்கிறது. பதினொரு வருடமாக அதே மேசை, அதே பூதக்கண்ணாடி. வாவியில் மீன்பிடிக்கிறவர்களின் போன்கள்தான் அதிகம் வரும். உப்புத் தண்ணீர் குடித்த போனைப் பிழைக்க வைப்பது லேசான வேலையில்லை. ஒரு போனைக் கழற்றிப் பலகையில் பரப்பினால் எது எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அதற்குள் ஓடுகிற செயலிகளை யார், எப்படிச் செய்கிறார்கள் என்பது நாற்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்ததுமில்லை.

நினைக்க வைத்தவர் என் மச்சாள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்ததும் நான் மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தவன். அந்த வீட்டில் என் மச்சாளும், அதாவது மனைவியின் அக்காவும், இருந்தார். கலியாணம் செய்யாதவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மத்தியானம் சாய்ந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து இடியப்பம் பிழியத் தொடங்குவார். ஆறு மணிக்கு இரண்டு கடைகளிலிருந்து ஆள் வந்து எடுத்துப்போகும். வேலை ஓடுகிற நேரம் முழுக்க வாயும் ஓடும். ரேடியோவோடு பேசுவார், அடுப்போடு பேசுவார், கூரையில் இருக்கிற காகத்துக்கு ஏசுவார். கேட்டுக்கொண்டிருந்தால் சிரிப்பு வரும்.

அவருக்குச் சீனி வருத்தம். ஆறு வருடமாக இன்சுலின் ஊசி, காலையும் பின்னேரமும் பதினெட்டாம் கோடு வரை தானே ஏற்றிப் போட்டுக்கொள்வார். கண்ணில் மங்கல் வந்து டவுனுக்குக் கிளினிக் போய் வந்தார். "இப்ப பரவாயில்ல" என்றார். நாங்களும் பரவாயில்லை என்றே எடுத்துக்கொண்டோம். போனில் எழுத்துகள் மட்டும் தெரியவில்லை என்றார். அதற்கென்ன, வாயால் சொன்னால் போன் கேட்கும் என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன்.

அவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "நாளைக்கி விடிய அஞ்சு மணிக்கி என்னை எழுப்பு" என்றார்.

போன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எலும்பு சூப் வைக்கிற முறையைச் சொல்லத் தொடங்கியது.

"இது எந்த ஊர்ச் சனியன் மச்சான்? எழுப்பச் சொன்னா எலும்ப அவிக்கச் சொல்லுது!"

நானும் மனைவியும் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனோம். மச்சாளும் சிரித்தார். ஆனால் போனை மேசையில் வைத்தபோது அவருடைய முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் சொன்னேன்: "இரிங்க மச்சாள், நம்மட பேச்சு விளங்குற ஒண்ட நான் செஞ்சு தாறன்."

அந்த வார்த்தை நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். இதைச் சொல்லிக்கொள்வதால் என் பிழை குறைந்துவிடப் போவதில்லை என்றும் எனக்குத் தெரியும்.

இணையத்தில் ஒரு இலவச வகுப்பு கிடைத்தது. படிப்பிக்கிறவர் ஆங்கிலத்தில் பேசுவார், கீழே தமிழ் எழுத்து ஓடும். பல நாடுகளிலிருந்து ஆட்கள் படித்தார்கள். ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. குரல் உதவியாளர் ஒன்று செய்வதற்கு மூன்று பகுதி வேண்டும் என்றார்கள். நான் கொப்பியில் காது, மூளை, வாய் என்று எழுதிவைத்தேன். காது நாம் சொல்வதை எழுத்தாக மாற்றும். மூளை அந்த எழுத்தைப் பார்த்து என்ன வேண்டுமென்று விளங்கிக்கொள்ளும். வாய் பதில் சொல்லும்.

முதல் மாதம் ஒன்றும் ஓடவில்லை. எழுதிய நிரலில் ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. போன் திருத்துவதென்றால் எங்கே சுடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம். இதில் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு நாள் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் முன்னால் இருக்க, "நேரம் என்ன?" என்று என் போனைக் கேட்டேன். "பத்து மணி இருபது நிமிடம்" என்றது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவர், "இதுக்கா தம்பி இவ்வளவு சந்தோசம்? சுவத்துல மணிக்கூடு தொங்குதே" என்றார்.

வாய்க்கு மனைவியின் குரலைப் பதிந்தேன். அவள் பாலர் பாடசாலை ஆசிரியை, தெளிவாகப் பேசுவாள். "அக்கா, ஊசி போடுற நேரம்", "அக்கா, சாப்பிட்டீங்களா?", "நல்லது அக்கா" என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் பதிந்தேன். ஊசிக்கு அரை மணி நேரம் கழித்துச் சாப்பாட்டைக் கேட்கும். பதில் வராவிட்டால் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை திரும்பக் கேட்கும். மூளையும் ஓரளவு வேலை செய்தது.

காதுதான் பிரச்சினை. வகுப்பில் கொடுத்த காதுக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. "மறுகா" என்றால் பிறகு என்று அதற்குத் தெரியாது. "கிறுகு" என்றால் திரும்பு என்று தெரியாது. அதற்குப் பழக்க வேண்டும் என்றார் படிப்பிக்கிறவர். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் குரல் துண்டுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்லியிருக்கிறது என்று எழுதியும் வைக்க வேண்டும்.

மச்சாளிடம் கேட்டேன். அவர் சந்தோசமாகச் சம்மதித்தார். முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, வந்து கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன கதைக்க?"

"சும்மா கதைங்க மச்சாள். அடுப்படியில கதைக்கிற மாதிரி."

"வணக்கம்" என்றார், ரேடியோச் செய்தி வாசிக்கிறவரைப் போல. "இன்று திங்கட்கிழமை. இன்று நான் இடியப்பம் அவிக்கின்றேன்."

மூன்று நாள் முயன்றேன். பதிவுப் பொத்தானை அமத்தினால் போதும், அவருடைய பேச்சு காற்சட்டை போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போய்விடும். நான்காம் நாள் கடையில் கிடந்த பழைய போன் ஒன்றைத் திருத்தி எடுத்துக்கொண்டு வந்தேன். அதில் பதிவுச் செயலியைத் திறந்ததும், ஒலிவாங்கியைப் பாவிக்க அனுமதிக்கிறீர்களா என்று அது கேட்டது. 'அனுமதி' என்பதை நான் அமத்தினேன். அடுப்படித் தட்டில் பெரிய மா டின் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்தேன்.

அப்போது எனக்குப் பயமெதுவும் இருக்கவில்லை. ஒரு சின்னக் கெட்டித்தனம் செய்த மாதிரித்தான் இருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம், சொன்னால் அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

அந்தப் பதிவுகள் தங்கம். தினமும் விடியப் பதிவுகளை என் போனுக்கு மாற்றிக்கொண்டு கடைக்குப் போவேன். வேலைகளுக்கு இடையில் இயர்போனைக் காதுக்குள் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதுவேன். "மறுகா பாப்பம்", "சொதிய அங்கால வை புள்ள", "இந்தக் காகத்துக்கு வேற வளவு இல்லியா" என்று எங்கள் பேச்சு அப்படியே, உயிரோடு. வகுப்பில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று இருக்காது என்ற பெருமை எனக்கு. புதுக் காதைப் பழக்கிப் பார்த்தபோது பத்துக்கு ஏழு சரியாக எழுதியது. அந்த நிலையிலேயே மச்சாளின் போனில் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். "எழுப்பு" என்றார். எழுப்புகிறேன் என்றது. அவர் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரன்" என்றார்.

அப்போதாவது பழைய போனை எடுத்திருக்கலாம். பத்துக்கு ஒன்பதாக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் ஆள் இல்லை. முதல் நாள் பின்னேரப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடியப்ப உரல் வைக்கிற சத்தம், கை கழுவுகிற சத்தம். பிறகு இன்சுலின் டப்பா திறக்கிற சத்தம். மச்சாளின் குரல் மெல்லமாக, தனக்குத்தானே:

"கோடு எங்க கிடக்கு... பதினெட்டு... நகத்தால பாத்தா ஒண்டும் தெரியுதில்ல. நேத்து இந்தளவு இழுத்தன். இண்டைக்கும் இந்தளவுதான். முருகா, ஒண்டுமே தெரியல்லயே எனக்கு. வெளிச்சம் கூடத் தெரியல்லயே."

பிறகு அழுகை. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. நீளமாக. அதற்குப் பின் கதவுச் சத்தம், என் மனைவியின் குரல்.

"அக்கா, ஊசி போட்டாச்சா?"

"ஓங்கா. போட்டுட்டன். பதினெட்டு, டக்கெண்டு போட்டன். நீ போய்த் தேத்தண்ணி வை."

அதே வாய்தான். ஆனால் தினமும் நாங்கள் கேட்கிற குரல் அது, சிரிப்போடு.

நான் காதுக்குள் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தேன். ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அவர் இடியப்பம் பிழிவதற்குக் கண் தேவையில்லை. முப்பது வருடக் கைப்பழக்கம். டீவியின் முன்னால் உட்கார்ந்து எங்களோடு சேர்ந்துதான் சிரிப்பார், ஆனால் எப்போதும் நாங்கள் சிரித்த பிறகுதான். போன மாதம் நான் புதுச் சேர்ட் போட்டபோது "புதுசா மச்சான்?" என்று கேட்டார். துணியின் மணத்தை வைத்துக் கேட்டிருக்கிறார். கண் பரவாயில்லை என்று என் மனைவி அன்றைக்குச் சந்தோசப்பட்டாள்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதிவைச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். வகுப்பின் கடைசிச் செய்முறை வேலையைக் கொடுக்க இன்னும் பதினான்கு நாள்தான் இருந்தது. சொன்னால் மா டின்னுக்குப் பின்னால் இருக்கிற போனை எடுக்க வேண்டும். எனக்கு இன்னும் பதிவு தேவைப்பட்டது.

அந்தப் பின்னேரம் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "மச்சாள், இண்டைக்கி ஊசிய நான் ஏத்தித் தரவா?" என்றேன்.

"ஏன், என்ட கைக்கு என்ன?"

"சும்மாதான். நீங்க வேலையா இரிக்கீங்க எண்டு..."

"ஆறு வருசமாப் போடுறன் மச்சான். நீங்க போய் உங்கட போன நோண்டுங்க."

நான் போய் நோண்டினேன். கேட்டுவிட்டேன், அவர் வேண்டாமென்றுவிட்டார் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஒரு நாள் அவர் இடியப்பத் தட்டைக் கையில் வைத்தபடியே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. "வெக்கை" என்றார். மனைவி சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்ததும் எழும்பி வேலையைத் தொடங்கிவிட்டார். மனைவிக்கு அது வெக்கை. ஊசி அளவு கூடிச் சீனி இறங்கியது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாசலில் நின்று பார்த்தேன்.

செய்முறையைக் கொடுத்தேன். குரல் துண்டுகளையும் மற்ற மாணவர்கள் பார்க்கிற பொது இடத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தெரிவு செய்ய நேரமில்லாமல் முழுக் கோப்புறையையும் ஏற்றிவிட்டேன். இரண்டு நாளில் பாராட்டு வந்தது. 'இயல்பான பேச்சு, மிக அரிதான தரவு' என்று எழுதியிருந்தார்கள். நான் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மச்சாளுக்குச் சொன்னாள். மச்சாள் அன்றைக்குப் பால்புட்டு அவித்துத் தந்தார். நான் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ஆறரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். வளவுக்குள் நுழையும்போதே மனைவியின் குரல் கேட்டது: "அக்கா, சாப்பிட்டீங்களா?" கோயிலால் வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சைக்கிளைச் சாத்தினேன். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்தேன்.

மச்சாள் தரையில் சரிந்து கிடந்தார். பிழிந்த இடியப்பம் தட்டுகளில் அப்படியே இருந்தது. அடுப்பில் தண்ணீர் வற்றிச் சட்டி தீய்ந்து நாறியது. கடைக்காரர்கள் வந்து, முன்வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவருடைய சேலை வேர்வையில் நனைந்து, உடம்பு குளிர்ந்து போயிருந்தது. நான் தூக்கிப் பிடித்துக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கிடந்த போன் என் மனைவியின் குரலில், அதே பொறுமையோடு கேட்டது.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

நான் செய்த செயலி பிழையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

சீனியைக் குழைத்துப் பல் முரசில் தடவினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவை எடுத்தார். முதலில் கிட்டவுள்ள ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்சில் மண்முனைப் பாலத்தால் டவுனுக்கு. பாலத்தில் போகும்போது வாவியின் இரண்டு பக்கமும் விளக்குகள் தெரிந்தன. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த விரல் நுனிகளில் நகத்தை ஒட்டக் கத்தரித்திருந்தார். ஒரு விரலில் மட்டும் நகம் நீளமாக விட்டிருந்தார். ஊசியின் கோட்டைத் தடவிப் பார்க்கிற விரல்.

நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். மனைவி கோயிலிலிருந்து நேரே வந்து சேர்ந்திருந்தாள், நெற்றியில் திருநீறு கலையாமல். டொக்டர் கேட்டார், ஊசி எவ்வளவு போடுகிறவர் என்று.

"பதினெட்டு" என்றாள் மனைவி. "அக்காவே பாத்துப் போடுவா. அதுல பிழை வராது. சாப்பிடப் பிந்திட்டா போல."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் அதுதான். அந்த ஆட்டலைத் தவிர மற்றதுக்கெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லலாம்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்மார் ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பின்னேரம் ஐந்தரைக்கு மச்சாளின் போன் ஒலித்தது. "அக்கா, ஊசி போடுற நேரம்." மனைவி டப்பாவை எடுத்துவந்து அக்காவின் மடியில் வைத்தாள். மச்சாள் ஊசியை எடுத்தார். மூடியைக் கழற்றினார். நீள நகத்தை வைத்துத் தேடத் தொடங்கினார்.

"வேணா மச்சாள்" என்றேன். சத்தம் கூடிவிட்டது. "போடாதீங்க."

"என்ன?"

"உங்களுக்குக் கோடு தெரியா. எனக்குத் தெரியும்."

மச்சாளின் கை நின்றது. மனைவி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"யாரு சொன்ன?" என்றார் மச்சாள்.

"ஒருத்தரும் சொல்லல்ல. நீங்கதான் சொன்னீங்க. நான் அடுப்படியில ஒரு போன் வச்சிருந்தன். பதிவு செய்ய. மா டின்னுக்குப் பின்னால."

மச்சாள் கேட்டார்.

"எப்ப இரிந்து?"

"ஒண்டரை மாசம்."

"ஒண்டரை மாசமும் நான் கதைச்சதெல்லாம் கேட்டீங்களா?"

"ஓம்."

"அழுததும்?"

"ஓம் மச்சாள்."

அவர் ஊசியை மூடி, டப்பாவுக்குள் வைத்து, மூடியைத் தடவிப் பூட்டினார். அவ்வளவு நேரமும் எங்கள் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்திருந்த முகத்தை முதல் தடவையாகக் கீழே இறக்கினார். ஒருவருக்கும் நடிக்கத் தேவையில்லாத முகம் எப்படியிருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன்.

மனைவிதான் வெடித்தாள். "இஞ்சாருங்க, எப்ப தெரியும் உங்களுக்கு இது?"

"மூண்டு கிழமைக்கி முதல்."

"தெரிஞ்சுகொண்டுதான் டொக்டருக்குத் தலையாட்டினீங்களா?" அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீயும் சொல்லல்லயே அக்கா. எனக்குக் கூடச் சொல்லல்லயே."

"சொன்னா என்ன நடக்கும்?" என்றார் மச்சாள். "தட்டுல சோத்தப் போட்டுக் கையில தருவீங்க. அடுப்படிக்குப் போகாத எண்டுவீங்க. நான் மூலையில குந்தி இரிக்கணும். அப்பிடி இரிக்க என்னால ஒண்ணா புள்ள."

மனைவி அழுதுகொண்டே பதினெட்டை அளந்து அவருக்குப் போட்டாள். அன்றிலிருந்து அவள்தான் போடுகிறாள்.

மச்சாள் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குச் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது, வழக்கமான இடத்தில் மூடி வைத்திருக்கும். பத்தாம் நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் நான் கேக்கணும்."

"எல்லாம் எண்டா கனக்க இரிக்கு மச்சாள்."

"நீங்க எல்லாம் கேட்டீங்கதானே?"

இரண்டு பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அடுப்படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் காட்டினேன். சில இடங்களில் சிரித்தார். "இது என்ட குரலா? எங்கட அம்மா கதைக்கிற மாதிரி இரிக்கு" என்றார். காகத்துக்கு ஏசின இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். அழுகை வந்த துண்டை நான் தாண்டப் பார்த்தேன். "போடுங்க" என்றார். கடைசி வரைக்கும் கேட்டார். மாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

முடிந்ததும், "அழிங்க" என்றார்.

நான் அழித்தேன். "அழிச்சிட்டன் மச்சாள்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் தங்கச்சியைக் கூப்பிட்டார். "இவர்ட போனப் பாரு. ஒண்டும் மிச்சமில்லியா எண்டு பாத்துச் சொல்லு." மனைவி வந்து போனையும் பழைய போனையும் கடையிலிருந்து நான் கொண்டுவந்த மடிக்கணினியையும் வாங்கி, கோப்பு கோப்பாகத் திறந்து பார்த்தாள். "ஒண்டுமில்ல அக்கா" என்றாள். இனி இந்த வீட்டில் என் வார்த்தைக்கு ஒரு சாட்சி வேண்டும்.

அப்போதுதான் மற்றதையும் சொன்னேன். வகுப்பின் பொது இடத்தில் ஏற்றிவிட்டதை. மச்சாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எழுதி எடுக்கச் சொல்லிவிட்டேன், அவர்களும் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு பேர் தங்கள் கணினிக்கு இறக்கியிருந்தார்கள். இருவருக்கும் எழுதினேன். ஒருவர் அழித்துவிட்டதாகப் பதில் போட்டார். மற்றவரிடமிருந்து பதிலே இல்லை.

மச்சாள் மாவை உருட்டுவதை நிறுத்தினார்.

"அந்த மற்ற ஆள் எந்த ஊர்?"

"தெரியா மச்சாள். ஏதோ வெளிநாடு."

"அவருக்குத் தமிழ் விளங்குமா?"

"விளங்காது எண்டு நினைக்கிறன்."

"அப்ப நான் சொன்ன ஒண்டும் விளங்காது." திரும்பவும் மா உருண்டையைக் கையில் எடுத்தார். "அழுறது மட்டும் விளங்கும்."

அந்த ஆளுக்கு இன்னும் மாதத்துக்கு ஒரு தடவை எழுதுகிறேன். பதில் வந்ததில்லை.

வகுப்பின் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அச்சடிக்கவில்லை. மச்சாளின் குரலில் பழக்கிய காதையும் அழித்துவிட்டேன். அதைச் செய்ய ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் அவருடைய பேச்சு அதற்குள்ளேயும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து, வேறு மாதிரி, சம்மதம் கேட்டுக்கேட்டுத் தொடங்கலாம் என்று தோன்றியது. முதலில் அவரிடம்தான் போனேன். இந்தத் தடவை போனை மேசையில் வைத்து, அவருடைய கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, எதற்கு, எத்தனை நாள், யார் கேட்பார்கள் என்றெல்லாம் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்ல விசயம்தான் மச்சான்" என்றார். "வேற ஆளப் பாருங்க."

கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கிறேன். ஏறாவூரிலிருந்து வருகிற வியாபாரி ஒருவர் முழு மனதோடு பேசிக்கொடுத்தார். மாங்கேணிப் பக்கத்து அம்மா ஒருவர், "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றன்" என்று போனவர் திரும்பி வரவில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் கிடைத்தாலே அதிகம். பதிவு செய்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் செய்தி வாசிக்கிற மாதிரித்தான் பேசுகிறார்கள். பத்துக்கு நான்குதான் சரியாக வருகிறது. பரவாயில்லை.

மச்சாள் இப்போதும் இடியப்பம் அவிக்கிறார். மனைவி எவ்வளவோ சொல்லியும் விடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் எங்கே என்ன இருக்க வேண்டுமென்று அவர் சொல்ல, நான் சுவர்த் தட்டுகளை மாற்றியடித்துக் கொடுத்தேன். கடைக்காரர்களுக்கும் கண் தெரியாதது தெரியும். இடியப்பத்தில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். ஊசி நேரத்தை அவரே ரேடியோச் செய்தியை வைத்துச் சொல்லிவிடுகிறார். போனைத் தொடுவதில்லை.

தனியே பேசுகிற பழக்கம் மட்டும் போய்விட்டது. பின்னேரங்களில் அடுப்படியில் உரல் சத்தம் கேட்கும், அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்கும். கூரையில் காகம் கத்தினால் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வரும்போது நான் முற்றத்திலிருந்தே, "மச்சாள், நான்தான், வாறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். "ஓம் மச்சான், வாங்க" என்பார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.